மூலத்துக்கு நேர்மை: உயர்தர வீட்டு ஒலிபெருக்கியும் மதிப்பீட்டின் அளவுகோலும்

இசையைப் பற்றியும் இசைவாணரைப் பற்றியும் எழுந்துள்ள விமர்சனங்கள் மிகப் பல. அவ்விசையை இன்று பெரும்பாலோர் கேட்பதற்கு வாயிலாக அமைந்துள்ள கருவியைப் பற்றிய விமர்சனமோ, விளம்பரத்துக்கும் தொழில்நுட்பக் குறிப்புக்கும் இடையில் அகப்பட்டு, முறையான வளர்ச்சி பெறாது நிற்கின்றது. ஒலிபெருக்கி கடையில் விற்கப்படும் ஒரு பண்டம். அதிலே விமர்சிப்பதற்கு என்ன உண்டு என வினவுவோர் உளர். ஆயினும், மதிப்பீடு என்பது எதனை ஆதாரமாகக் கொள்வது, தனிமனித ரசனைக்கு அப்பால் பொதுவான அளவுகோல் ஒன்று இருத்தல் கூடுமா என்பன போன்ற வினாக்கள் இலக்கியத்திலும் பார்க்க இக்கருவியின் வரலாற்றிலே தெளிவாக எழுந்துள்ளன. சில விடைகளும் கிடைத்துள்ளன.

வயலினுக்கும் வீணைக்கும் தனித்தனிக் குரல் உண்டு. அக்குரலே அவற்றின் சிறப்பு. ஒலிபெருக்கிக்குத் தனிக்குரல் இருப்பின் அது குறையாகும். தன்னை மறைத்துப் பிறிதொன்றை வெளிப்படுத்துவதே அதன் தொழில். எனவே, ஒலிபெருக்கியின் தரம் மூலத்துக்கு அது காட்டும் நேர்மையிலே தங்கியுள்ளது எனச் சுருங்கக் கூறலாம். இக்கூற்று எளிதாகத் தோன்றினும், அந்த மூலத்தை அறிந்தவர் யார் என்ற வினா எழும்பொழுது சிக்கல் தொடங்குகின்றது.

செவியின் தீர்ப்பு காலத்தாற் கட்டுண்டது என்பதற்கு வரலாற்றிலே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1915 ஆம் ஆண்டு முதலாக அமெரிக்காவில் எடிசனின் இசைத்தட்டுக் கம்பனி நடத்திய பொது நிகழ்ச்சிகளில், பாடகி ஒருவர் மேடையில் நின்று தமது இசைத்தட்டுடன் சேர்ந்து பாடுவார். இடையிலே விளக்குகள் அணைக்கப்படும். விளக்கு மீண்டும் எரியும்பொழுது மேடையிலே இயந்திரம் மட்டுமே நிற்கும். வேறுபாட்டை உணரவில்லை என வியந்தோர் பலர். மின்னொலிபெருக்கி இணையாத அவ்வியந்திரத்தின் ஒலியை இன்று கேட்பவர் எவரும் அதனை மனிதக்குரல் என மயங்கார். பாடகியர் தமது குரலை இயந்திரத்தின் எல்லைக்குள் அடக்கிப் பாடியமையும் பின்னர் தெரியவந்தது. கருவி மூலத்தை ஒத்திராதபோது மூலமே கருவியை ஒத்துவிட்டது. அளவுகோல் இல்லாத வியப்பு எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு இந்நிகழ்ச்சிகள் சான்றாகும்.

2

ஒலிபெருக்கியை மதிப்பிடுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது, அது பௌதிக விதிகளுடன் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை என்பதாகும். 1925 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேர்ட் கெலொக் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கப்பட்ட அமைப்பே இன்றுவரை பெரும்பாலான ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படையாக உள்ளது. காந்தப்புலத்தின் நடுவே கம்பிச்சுருள் ஒன்று. அச்சுருளுடன் ஒட்டிய கூம்பு. சுருளிற் பாயும் மின்னோட்டத்துக்கு ஏற்பக் கூம்பு அசைந்து காற்றைத் தள்ளுகின்றது. தத்துவம் இவ்வளவே. இடர்ப்பாடு முழுவதும் செவிக்கு எட்டும் ஒலியின் பரப்பிலே உள்ளது.

செக்கனுக்கு 50 அதிர்வுகளையுடைய தாழ்ந்த ஒலியின் அலைநீளம் காற்றிலே ஏறத்தாழ 7 மீற்றர். 10,000 அதிர்வுகளையுடைய ஒலியின் அலைநீளம் மூன்றரைச் சென்ரிமீற்றர். ஒரே கூம்பு இவ்விரண்டையும் செம்மையாக வெளியிடல் அரிது. மேலும், அதிர்வு எண்ணாகிய மீடிறன் பாதியாகக் குறையும்பொழுது, முன்னைய உரப்பையே தருவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். உயர்ந்த மீடிறன்களிலோ, அலைநீளம் கூம்பின் விட்டத்தை நெருங்க, ஒலி எத்திசையும் பரவாது ஒரு கற்றையாக ஒடுங்குகின்றது. எனவே வேலை இரண்டு அல்லது மூன்று அலகுகளுக்குப் பங்கிடப்படுகின்றது. அவற்றுக்கு இடையே மீடிறன்களைப் பிரித்தனுப்பும் மின்சுற்று ஒன்று அமைக்கப்படுகின்றது. கூம்பின் முன்புறம் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்புறம் அதனை ஐதாக்குவதால், இரண்டும் கலந்து தாழ்ந்த ஒலிகள் அழியாதிருக்கப் பெட்டி தேவையாகின்றது. பெட்டி வந்ததும் அதன் சுவர்களும் சேர்ந்து பாடத் தொடங்குகின்றன.

இப்பெட்டி குறித்துப் பிற்காலத்தார் பெற்ற தெளிவு குறிப்பிடத்தக்கது. 1954 இல் எட்கார் வில்ச்சர், மூடிய பெட்டியினுள் அடைபட்ட காற்றையே கூம்புக்குரிய வில்லாகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலியைப் பெற வழி கண்டார். 1961 இல் அவுஸ்திரேலியரான நெவில் தீல், துவாரமிட்ட பெட்டியின் இயக்கத்தை மின்வடிசுற்றின் கணிதத்தால் முன்கூட்டியே கணிக்கலாம் எனக் காட்டினார்; சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த றிச்சர்ட் சுமோல் 1970களின் முற்பகுதியில் அதனை விரிவுபடுத்தினார். இவ்வாய்வுகள் வெளிப்படுத்திய உண்மை ஒன்றுண்டு. பெட்டியின் சிறுமை, ஒலியின் ஆழம், குறைந்த மின்வலுவில் நிறைந்த உரப்பு என்னும் மூன்றையும் ஒருங்கே பெறுதல் இயலாது. இரண்டை விரும்புவோர் மூன்றாவதை இழந்தே ஆகவேண்டும்.

மாற்று வழிகளும் இழப்பிலிருந்து தப்பவில்லை. இங்கிலாந்தின் ஹன்ரிங்டனில் பீற்றர் வோக்கர் 1957 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, பெட்டியும் இல்லை. மிக மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒன்று, துளையிட்ட இரு மின்தகடுகளின் நடுவே முழுப்பரப்பிலும் ஒருசேர இயக்கப்படுகின்றது. மனிதக்குரலை இதனளவு தெளிவாகத் தந்த கருவி அக்காலத்தில் வேறில்லை எனப் பலர் கருதினர். ஆனால், உரத்த ஒலியையும் மிக ஆழ்ந்த ஒலியையும் அதனிடம் எதிர்பார்த்தல் இயலாது. வோக்கர் 1963 இல் தொடங்கிய அடுத்த வடிவம் 1981 இலேயே சந்தைக்கு வந்தது. மின்தகட்டை ஒருமைய வளையங்களாகப் பிரித்து, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சமிக்ஞையைப் படிப்படியாகத் தாமதப்படுத்தியதால், தட்டையான படலம் தனக்குப் பின்னால் உள்ள ஒரு புள்ளியிலிருந்து ஒலி பிறப்பது போன்ற அலையை எழுப்பியது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு குறையை நீக்குவதற்கு உழைத்த இம்முயற்சியிலே பொறியியலின் பொறுமை தெரிகின்றது.

ஆகவே, குறையற்ற ஒலிபெருக்கி எது என்று வினவுதல் பொருந்தாது. எக்குறையை, எத்தேவையின் பொருட்டு, யாருக்காக அது ஏற்றுக்கொண்டது என்பதே விமர்சகன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

3

இவ்வினாவைத் தெளிவாக ஆராய்வதற்குப் பி.பி.சி. ஆய்வுப்பகுதி உருவாக்கிய எல்.எஸ். 3/5 ஏ என்னும் சிறு ஒலிபெருக்கி மிகப் பொருத்தமானது. அது வீட்டுக்கென ஆக்கப்பட்டதன்று. தொலைக்காட்சியின் வெளிக்கள ஒலிபரப்பு வாகனத்தினுள், இடநெருக்கடியில், தலையணிக் கேட்பொறியாற் பயனில்லாத நிலையில், ஒலியின் தரத்தைக் கண்காணிப்பதற்கு ஒரு சிறு பெட்டி வேண்டியிருந்தது. மண்டபங்களின் சிறிய மாதிரியுருக்களைக் கொண்டு நிகழ்த்திய ஒலியியற் பரிசோதனைகளுக்கென முன்னர் செய்யப்பட்ட ஒலிபெருக்கி ஒன்று இதற்கு அடியெடுத்துக் கொடுத்தது. 1974 அளவிலே இறுதி வடிவம் பெற்ற இக்கருவி பற்றி ஹாவுட், வற்றன், மில்ஸ் ஆகியோர் 1976 இல் எழுதிய அறிக்கை, பொது நிறுவனமொன்றின் தொழில்நுட்ப எழுத்துக்கு நல்லதொரு சான்றாகும். அதிலே புகழ்ச்சி இல்லை, அளவீடும் காரணமுமே உள்ளன.

பெட்டியின் உயரம் சுமார் 30 சென்ரிமீற்றர்; உட்கொள்ளளவு ஏறத்தாழ 5 லீற்றர். இரு அலகுகளும் கே.ஈ.எவ். கம்பனியின் தயாரிப்புகள். தாழ்மீடிறன் அலகின் கூம்பு பெக்ஸ்றீன் என்னும் பிளாஸ்ரிக்கால் ஆனது. காகிதக் கூம்பு ஈரலிப்புக்கும் உற்பத்தித் தொகுதிக்கும் ஏற்ப மாறுபடும். பிளாஸ்ரிக்கில் அம்மாறுபாடு குறைவு. சுமார் 3,000 அதிர்வுகளில் வேலை உயர்மீடிறன் அலகுக்குக் கைமாறுகின்றது. அவ்விடத்தில் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றராகிக் கூம்பின் அளவை நெருங்குகின்றமை கவனிக்கத்தக்கது. பெட்டியின் முன்விளிம்பிற் பட்டுச் சிதறும் ஒலியை உறிஞ்சுவதற்கு உயர்மீடிறன் அலகைச் சுற்றித் தடித்த கம்பளிப்பட்டைகள் ஒட்டப்பட்டன. சுவர்கள் 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையால் ஆனவை. சுவரைத் தடிப்பாக்கி அதிர்வை முற்றாக ஒழிக்க முயலாது, மெல்லிய சுவரின் உட்புறத்தில் அதிர்வை விழுங்கும் பொருளை ஒட்டி, எஞ்சும் பரிவைச் செவிக்குப் புலப்படாத அளவுக்குத் தாழ்த்துதலே பி.பி.சி. பொறியியலாளர் கண்ட வழி. குறையை ஒழித்தல் இயலாவிடத்து, அதனைச் செவி உணராத இடத்துக்கு நகர்த்துவதே அவர்களது நெறி.

இந்நெறிக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1946 இலேயே பி.பி.சி.யின் ஷோட்டர், சமிக்ஞை நின்ற பின்னரும் கூம்பிலே தேங்கி நிற்கும் அதிர்வுகள், வழமையான அளவீட்டு வளைகோட்டில் தெளிவாகத் தோன்றாவிடினும், செவிக்குப் புலனாகும் எனக் காட்டியிருந்தார். காது கண்டதை அளவுகருவி காணாதபோது காதைப் பழிக்காது, புதிய அளவீட்டைத் தேடிய மனப்பாங்கு அது.

எனினும், இக்கருவியின் ஆக்கத்திற்கு ஆதாரமான நிலைமை பொறியியலுக்கு அப்பாற்பட்டது. பி.பி.சி. பொறியியலாளருக்கு மூலம் அருகிலேயே இருந்தது. கலையகத்திலே பேசுபவரின் குரலை நேரிற் கேட்டு, கதவைத் திறந்து கட்டுப்பாட்டறைக்குச் சென்று, அதே குரலை ஒலிபெருக்கியிற் கேட்டு ஒப்பிடல் அவர்களுக்கு நாளாந்த வழக்கம். ஒப்பீடு தவறாயின் அடுத்த கணமே தெரிந்துவிடும். மேலும், ஒரு வாகனத்தில் உள்ளவர் கேட்பதும் பிறிதொரு வாகனத்தில் உள்ளவர் கேட்பதும் ஒன்றாய் இருத்தல் வேண்டும் என்பதால், உற்பத்தியாகும் ஒவ்வொரு பெட்டியும் மாதிரிப் பெட்டியுடன் ஒத்திருத்தல் நிபந்தனையாயிற்று. அவ்வகையில் இக்கருவியின் அளவுகோல் பொதுவானது. எவர் வேண்டுமாயினும் சரிபார்க்கக் கூடியது.

4

பி.பி.சி. வழங்கிய உரிமத்தின் கீழ் றொஜர்ஸ் முதலிய பல கம்பனிகள் இதனை உற்பத்தி செய்து பொதுமக்களுக்கும் விற்றன. சிறிய வீடுகளில் வாழ்ந்த இசையன்பர் இதனை விரும்பி ஏற்றனர். பேச்சுக்குரலிலும் நரம்பிசையிலும் இது காட்டிய இயல்புத்தன்மை அதன் விலைக்கு அரிதானது என்பதில் ஐயமில்லை. கே.ஈ.எவ். அலகுகளின் இயல்பு காலப்போக்கிற் சற்றே விலகியபொழுது, 1980களின் பிற்பகுதியில் மின்சுற்று மீளமைக்கப்பட்டு, மின்தடங்கல் 15 ஓமிலிருந்து 11 ஓமாக மாறியது. 1990களின் இறுதியில் மூல அலகுகளின் உற்பத்தி நின்றது. அதன் பின்னரும் அதே பெயரில் மறுவாக்கங்கள் தோன்றின; பழைய பெட்டிகளும் சேகரிப்போரிடையே உயர்ந்த விலைக்குக் கைமாறின. 15 ஓம் சிறந்ததா, 11 ஓம் சிறந்ததா என்ற வாதம் சமயக் கிளைகளுக்கிடையிலான பூசலை ஒத்தது.

இக்கட்டத்திலேதான் விமர்சனம் தன் கடமையைச் செய்தல் வேண்டும். 5 லீற்றர்ப் பெட்டி விதிகளுக்குத் தப்பியதன்று. ஒரு வாற்று மின்வலுவுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் அது தரும் உரப்பு 82 அல்லது 83 டெசிபெல் மட்டுமே; 89 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியுடன் சமமாக ஒலிப்பதற்கு அதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு மின்வலு வேண்டும். பெருவயலினின் மிகத் தாழ்ந்த தந்தி எழுப்பும் 41 அதிர்வுகளை அது உரிய வலிமையுடன் தராது. இக்குறையை ஓரளவு மறைப்பதுபோல், 100 அதிர்வுகளுக்குச் சற்று மேலே அதன் ஒலி சிறிது புடைத்திருக்கின்றது. அப்புடைப்பு சிறிய பெட்டிக்கு நிறைவான தோற்றத்தைத் தருகின்றது. வாகனத்தினுள்ளே பேச்சைக் கண்காணிப்பவருக்கு இவை பெருங்குறைகள் அல்ல. வீட்டிலே முழு இசைக்குழுவைக் கேட்பவருக்கோ இவை உண்மையான இழப்புகள்.

ஆனால், வழிபாடு தொடங்கியதும் இழப்பே அழகாகக் கருதப்பட்டது. அப்புடைப்பை இதமானது என்றும், அப்பெட்டிக்கே உரிய இனிமை என்றும் போற்றும் வழக்கம் தோன்றியது. தனக்கெனக் குரல் இருக்கலாகாது என்ற கொள்கையிற் பிறந்த கருவி, தன் குரலுக்காகவே போற்றப்படும் நிலை எய்தியது. எல்.எஸ். 3/5 ஏ ஒரு சிறந்த கருவி என்னும் தீர்ப்பு சரியானது. எதற்குச் சிறந்தது என்ற வினாவை நீக்கிவிட்டு அதனைச் சிறந்தது என்பது வழிபாடேயன்றி மதிப்பீடன்று. அதனைப் போற்றுவோர் அதன் ஆக்கியோருக்கே மாறுபட்டு நிற்கின்றனர்.

இம்மாற்றத்திற்குக் காரணம் தெளிவானது. வீட்டிலிருந்து கேட்பவருக்கு மூலம் அருகில் இல்லை. அவரிடம் உள்ளது இசைத்தட்டு மட்டுமே. அவ்விசைத்தட்டும் வேறெங்கோ ஓர் ஒலிபெருக்கியின் துணைகொண்டு, அதன் குறைகளுக்கு ஏற்பச் செப்பனிடப்பட்டது. அதனைக் கொண்டு தமது ஒலிபெருக்கியை மதிப்பிடுபவர், சாய்ந்த சுவரைக் கொண்டு நூற்குண்டைச் சோதிப்பவரை ஒப்பர். கனடிய ஆய்வாளர் புளொய்ட் ரூல் இதனைக் குழப்ப வட்டம் என்னும் பொருள்படப் பெயரிட்டமை பொருத்தமே. அளவுகோல் இழந்த அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்தவை நினைவு, பெயர், விலை ஆகியனவே.

5

ரசனை அவரவர்க்கு உரியது, எனவே பொது அளவுகோல் பற்றிய பேச்சு வீண் என்பது இவ்விடத்தில் எழும் வழமையான மறுப்பு. இலக்கிய விமர்சனத்திலும் இவ்வாதம் நெடுங்காலம் வழங்கியது. இம்மறுப்பு பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டுள்ளது என்பதே ஒலிபெருக்கித் துறையின் சிறப்பு. ஒற்றாவாவில் உள்ள கனடிய தேசிய ஆய்வு மன்றத்தில் ரூல் நிகழ்த்தி 1986 இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னால் மறைக்கப்பட்டு, கேட்போர் பெயரும் உருவமும் அறியாது புள்ளி வழங்கினர். செவிப்புலன் செம்மையாக உள்ளோரின் தீர்ப்புகள் ஒன்றையொன்று வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. அவர்கள் உயர்வாக மதித்தவை, மீடிறன் எங்கணும் சமமான ஒலியை நேர்முகமாகத் தருவதோடு, பக்கங்களிலும் அதனைப் பெரிதும் ஒத்த ஒலியைப் பரப்பும் ஒலிபெருக்கிகளே. வேறு சொற்களிற் கூறின், பெயரும் விலையும் மறைக்கப்பட்டபோது மனிதச் செவி விரும்பியது தன் குரலை அடக்கிய கருவியையே.

1994 இல் ரூலும் ஷோன் ஒலிவும் ஹாமன் நிறுவனத்தில் நிகழ்த்திய மற்றொரு சோதனையில், ஊழியர் 40 பேர் அதே ஒலிபெருக்கிகளை ஒருமுறை மறைவிலும் ஒருமுறை கண்ணாற் கண்டும் மதிப்பிட்டனர். கண்டு கேட்டபோது, உருவிற் பெரியவையும் பெயர்பெற்றவையும் உயர்ந்தன. மலிவான சிறிய தொகுதி தாழ்ந்தது. அறையில் ஒலிபெருக்கியின் இடம் மாறியதால் உண்டான உண்மையான ஒலி வேறுபாட்டுக்கும் அவர்களது செவி மந்தமாயிற்று. கண் காதை ஏமாற்றியதோடு நில்லாது அதனை உறங்கவும் வைத்தது.

இவ்வாய்வுகளையும் விமர்சனமின்றி ஏற்றல் தகாது. பின்னைய சோதனை ஒலிபெருக்கி விற்கும் நிறுவனமொன்றினுள்ளே நிகழ்ந்தது. கேட்போரின் விருப்பம் அளக்கப்பட்டதேயன்றி மூலத்தோடு ஒப்பீடு நிகழவில்லை. சிறிது நேரம் கேட்டு வழங்கும் தீர்ப்பு, ஆண்டுக்கணக்கில் ஒரு கருவியுடன் வாழ்வோரின் அனுபவத்தை முற்றாகத் தழுவாது. அளவீட்டை மட்டும் நம்பியோரின் குறையைச் சுட்டிய பெருமை ரசனைவாதிகளுக்கும் உரியது. 1962 இல் அமெரிக்காவிற் தொடங்கிய ஸ்ரீரியோபைல் சஞ்சிகை, கருவியை வீட்டில் வைத்துக் கேட்டே எழுதவேண்டும் என வற்புறுத்தியது அக்காலத்தில் தேவையான திருத்தமே. ஒற்றை வளைகோட்டை அச்சிட்டு அதுவே தீர்ப்பு என்றோர், ஷோட்டர் 1946 இற் சொன்னதை மறந்திருந்தனர். எனினும், கேட்டல் என்பது பெயர் தெரிந்து, விலை தெரிந்து, சில வேளை விளம்பரதாரரையும் தெரிந்து கேட்டலாக மாறியபோது அத்திருத்தம் தன் பயனை இழந்தது.

6

இதன் எல்லையை இன்றைய ஆடம்பர ஒலிபெருக்கிகளிற் காணலாம். அமெரிக்காவின் வில்சன் ஓடியோ நிறுவனம் 2017 அளவில் வெளியிட்ட பெரும் ஒலிபெருக்கி இணையின் அக்கால விலை 685,000 டொலர். அதன் பல அலகுகளின் ஒலியும் கேட்பவர் செவியை ஒரே கணத்தில் அடையுமாறு அவற்றை நுண்ணிய அளவில் முன்பின்னாக நகர்த்தலாம். அவ்வுழைப்பு பொய்யன்று; பெரிய அறையில் பெரிய ஒலியைச் சிதைவின்றித் தருதல் செலவு மிக்க பணியே. ஆயினும், ஒரு விலைக்கு மேல் பௌதிகம் கூட்டுவது சிறிது, பெருமிதம் கூட்டுவது பெரிது என்பதைச் சொல்லுதல் வேண்டும். மறுபுறத்தில், கே.ஈ.எவ். தனது ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2012 இல், எல்.எஸ். 3/5 ஏயை நினைவில் இருத்தி வெளியிட்ட எல்.எஸ். 50, பழைய பெட்டியின் உருவைப் பின்பற்றாது, உயர்மீடிறன் அலகைக் கூம்பின் நடுவிலேயே பொருத்திப் புதிய விடை தேடியது. மரபைப் பேணுதல் என்பதற்கு உரிய பொருள் இதுவே. முன்னோரின் விடையைப் படியெடுப்பதிலும் பார்க்க, அவர்களது வினாவை மீண்டும் எழுப்புதல் மேலானது.

2013 இல் அமெரிக்காவில் வெளியான அளவீட்டு நியமம் ஒன்று இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஒலிபெருக்கியைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் பத்துப் பத்துப் பாகையாகச் சுற்றி எத்திசையிலும் அதன் ஒலியை அளந்து வெளியிடும் முறை அது. ரூலின் ஆய்வுகளிலிருந்தே அது வளர்ந்தது. ஆழ்ந்த ஒலிகளை அறையே பெரிதும் ஆளுவதால், அவற்றின் முடிவை அது முழுமையாகச் சொல்லாது. ஆனால், வாங்குவோன் விற்போனின் சொல்லுக்கு அப்பால் நோக்குவதற்கு ஒரு வழியை அது திறந்துள்ளது.

பி.பி.சி. பொறியியலாளருக்குக் கதவைத் திறந்து மூலத்தைக் கேட்டுவரும் வாய்ப்பு இருந்தது. பொதுப்பணத்தில் இயங்கிய நிறுவனம் ஒன்று அவ்வாய்ப்பை அவர்களுக்கு அளித்தது. அதனாலேயே அவர்களது சிறு பெட்டியில் நேர்மை இருந்தது. அக்கதவு வீட்டிலிருந்து கேட்பவருக்கு மூடியே உள்ளது. அவருக்குத் துணைநிற்கக் கூடியவை இரண்டு: எவரும் சரிபார்க்கக்கூடிய அளவீடு, பெயரை மறைத்துக் கேட்கும் துணிவு. உயர்ந்த விலை ஒலிபெருக்கியை ஆக்குவோர் தமது கருவியை இவ்விரண்டுக்கும் உட்படுத்தத் தயங்குவராயின், அத்தயக்கத்தையும் மதிப்பீட்டிற் சேர்த்துக்கொள்ளுதல் விமர்சகனின் உரிமையாகும்.